கூரை ஏறிய பிளம்பர்

போன மாசம் ஒரு நாள் காலங்காத்தால அஞ்சரை மணிக்கு ஆபீஸ் கால். மறுமுனை மெல்போர்ன். நான் கண்ணைக் கசக்கிக்கிட்டு பொட்டி தட்டிக்கிட்டு இருக்கேன். அந்தப் பக்கம் இருந்தவர் நடுவுல, 'ஒரு நிமிஷம் இருங்க, ரூஃப் பிளம்பர் வந்துட்டார், கேட்டைத் திறந்து விட்டுட்டு வரேன்'னு கிளம்பிட்டார். கூரையில என்னய்யா பிளம்பர்? நமக்குத் தெரிஞ்ச பிளம்பர் எல்லாம் பாத்ரூம்ல குந்தி, குழாய்க்கு நூல் சுத்துற ஆளுங்கதானே?

அவர் திரும்பி வந்ததும் கேட்டேன். அவங்க ஊர்ல, அதாவது விக்டோரியா மாநிலத்துல, கூரையும் மழைநீரும் பிளம்பிங்ல ஒரு தனிப் பிரிவாம். கூரைத் தகடு போடுறது, ஓரத்துல வாய்க்கால் வைக்கிறது, அதிலிருந்து குழாய் இறக்குறது, எல்லாத்துக்கும் பதிவு பண்ணின ஆள்தான் வரணுமாம். இதை ஒரு ஆச்சரியமா அம்மாகிட்ட சொன்னேன். அம்மா தோசையைத் திருப்பிக்கிட்டே, "இதுல என்னடா அதிசயம்? எங்க நைனா வாழ்க்கை முழுக்க அந்த வேலைதானே செஞ்சாரு" என்றார்.

அட, ஆமாம்! எங்க தாத்தா ராயபுரத்துக்காரர். 1950களின் நடுவுல, பதினஞ்சு வயசுல ஒரு கான்ட்ராக்டர்கிட்ட கையாளாச் சேர்ந்தவர். திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் கிளம்பிக்கிட்டிருந்த ஷெட்டு, குடோன் எல்லாத்துக்கும் கூரை வேலை. அவர் வேலைக்கு எங்க வீட்டுல பேரே கிடையாது. 'தாத்தா தகரம் போடப் போயிருக்காரு', அவ்வளவுதான். இஞ்சினியரிங் படிச்ச பேரனுக்கு அந்த வேலையோட பேர் மெல்போர்ன் வழியா வந்து சேர்ந்திருக்கு. இதுல கொஞ்சம் வெட்கமும் உண்டு. அதனால தேடிப் படிச்சதையும் தாத்தா சொன்னதையும் சேர்த்து எழுதி வைக்கலாம்னு உட்கார்ந்தேன்.

முதல்ல அந்த 'பிளம்பர்' வார்த்தை. லத்தீன்ல 'பிளம்பம்'னா காரீயம். (நம்ம தெருவுல பாத்திரத்துக்கு ஈயம் பூசுறவங்க பூசுறது வெள்ளீயம். இது வேற.) ஐரோப்பாவுல அந்தக் காலத்து பிளம்பருக்கு முக்கியமான வேலைகள்ல ஒண்ணு, பெரிய தேவாலயங்களின் கூரைமேல காரீயத் தகடு விரிக்கிறதும் அதுல வாய்க்கால் மடிக்கிறதும். குழாய்க்கும் காரீயம்தான், கூரைக்கும் காரீயம்தான், ரெண்டுக்கும் ஒரே ஆள். அப்ப 'கூரையில என்ன பிளம்பர்'னு நான் கேட்டதே தப்பு. வீட்டுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடியே பிளம்பர் கூரைமேல இருந்திருக்கார்.

நம்ம ஊர்ல கூரைத் தண்ணி கதை வேற. ஓட்டு வீட்டுல ரெண்டு சரிவு சேர்ற மூலைக்கு கூடுவாய்னு பேர். மொத்தத் தண்ணியும் அங்கே கூடி முற்றத்துல விழும். விழுற இடத்துல அண்டாவை வெச்சு, வாயில வேட்டியைக் கட்டி வடிகட்டிப் பிடிச்சுக்குவாங்கன்னு ஆயா சொல்லும். கோயில்னா கல்லுலயே தூம்பு செதுக்கி, தண்ணி சுவத்துல வழியாம தள்ளி விழற மாதிரி செஞ்சிருப்பாங்க. அப்புறம் மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்தரத்துக்கு மேல சின்னச் செங்கல்லை செங்குத்தா சுண்ணாம்புல அடுக்கி, மேல செங்கல் ஜல்லி போட்டு இடிச்சு, தட்டோடு பதிச்ச மொட்டை மாடி. ஜார்ஜ் டவுன்ல பழைய வீடு எதுக்குள்ள போய் அண்ணாந்து பார்த்தாலும் அந்தச் செங்கல் வரிசை தெரியும்.

இதையெல்லாம் ஓரம் கட்டினது துறைமுகத்துக்குன்னே பொறந்த ஒரு கூரை. நெளிநெளியான இரும்புத் தகடு இருக்கே, அதுக்கு 1829ல் காப்புரிமை வாங்கினவர் ஹென்றி ராபின்சன் பால்மர். லண்டன் டாக் கம்பெனியோட இஞ்சினியர்! சரக்கு வைக்க நடுவுல தூண் இல்லாத பெரிய ஷெட்டு வேணும். தட்டைத் தகடு வளையும், ஆனா அதையே நெளிச்சா விறைப்பா நிக்கும். ஒரு காகிதத்தை விசிறி மாதிரி மடிச்சுப் பாருங்க, அதே சூத்திரம். 1837ல் பிரான்ஸ்ல சோரெல்ங்கிறவர் இரும்புமேல துத்தநாகம் பூசுற முறைக்குக் காப்புரிமை வாங்கினார். ரெண்டும் சேர்ந்ததும் கப்பல் போற ஊருக்கெல்லாம் இந்தக் கூரையும் போச்சு.

நம்ம பக்கம் 1856ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடிச்சு. 1875ல் துறைமுகத்துக்கு அடிக்கல். 1881 புயல் கட்டினதுல பெரும்பகுதியைச் சாப்பிட்டது தனிக்கதை. அப்புறம் திருவொற்றியூர்ல விம்கோ தீப்பெட்டி, 1946ல் பலூன் செய்ய ஒரு கொட்டகை (அந்தக் கொட்டகைதான் பிற்பாடு எம்.ஆர்.எஃப்.), 1950களில் என்ஃபீல்டு புல்லட், எண்ணூர்ல அசோக் லேலண்டுன்னு வரிசை கட்டி வந்தது. எந்தக் கம்பெனியாயிருந்தாலும் மேல ஒரு கூரை வேணும். தாத்தா மாதிரி ஆளுங்க பொழைச்சது அதுலதான்.

ரம்பப்பல் மாதிரி கூரை இருக்கிற பழைய ஃபேக்டரி பார்த்திருப்பீங்க. பல்லோட செங்குத்துப் பக்கம் வடக்கே பார்த்து, கண்ணாடி வெச்சிருக்கும். இங்கிலாந்துல சூரியன் தெற்குப் பக்கமே போறதால, வடக்குக் கண்ணாடி வழியா வெளிச்சம் வரும், நேர் வெயில் வராது. அதை அப்படியே இங்கே இறக்குமதி பண்ணிட்டாங்க. சென்னை இருக்கிறது 13 டிகிரி வடக்குல. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சி சூரியன் நமக்கு வடக்கேதான். அதாவது எந்த மாசத்துல வெயில் வரக்கூடாதோ கரெக்டா அந்த மாசத்துல கண்ணாடி வழியா உள்ள எட்டிப் பார்க்கும். என்னடா டிசைன் இது :-)

ஆனா தாத்தாவுக்குப் பிரச்சனை வெயில் இல்ல, ரெண்டு பல்லுக்கும் நடுவுல ஓடுற வாய்க்கால். சாதாரணக் கூரையில ஓரத்து வாய்க்கால் நிரம்பினா தண்ணி வெளியே கொட்டும். இதுல நிரம்பினா மெஷின் மேலயே கொட்டும். அதனால ஐப்பசிக்கு முன்னாடி வாய்க்காலைச் சுரண்டி, ஓட்டையைப் பத்தவெச்சு, தார் பூசுறதுன்னு ரெண்டு மாசம் ஓயாத வேலை.

இன்னொண்ணு காத்து. ஷீட்டை ஒண்ணுமேல ஒண்ணு ஏத்திப் போடும்போது எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறோம்ங்கிறது முக்கியம். நமக்குப் பெரிய மழை வடகிழக்குலருந்து, கடல் காத்தோட வருது. அதனால மறு கோடியில தொடங்கி கடலை நோக்கி வரணும். அப்பதான் மேல ஏறின ஷீட்டோட வாய் காத்துக்கு முதுகைக் காட்டும். மாத்திப் போட்டா காத்து தண்ணியை இடுக்குல ஊதி உள்ள ஏத்தும். எந்த ஜே-போல்ட்டும் தார் வாஷரும் அப்ப காப்பாத்தாது. தாத்தா இதுக்கு ஒரே வரிதான் சொல்வாரு: "மழைக்கு வாயக் காட்டாத, முதுவக் காட்டு."

மூணாவது எதிரி உப்பு. துத்தநாகம் தன்னைக் குடுத்து இரும்பைக் காப்பாத்தும். ஆனா கடல் உப்பு படிஞ்சா ஈரம் காயவே காயாது, துத்தநாகம் சீக்கிரம் தீர்ந்திடும். ராயபுரத்துல தகரத்துக்கு ஆயுசு கம்மி. அதனாலதான் ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் ஷீட் வந்ததும் (ஆஸ்திரியாவுல ஹாட்செக் கண்டுபிடிச்சது, 1900 வாக்குல) வடசென்னை அதைக் கட்டிக்கிச்சு. துருப் பிடிக்காது. ஆனா அதை அறுக்கும்போதும் துளை போடும்போதும் வர்ற தூசு நுரையீரலுக்கு எமன்னு மருத்துவ உலகம் எப்பவோ சொல்லிடுச்சு. பல நாடுகள் மொத்தமா தடை பண்ணிடுச்சு, நாம இன்னும் பண்ணலை. தாத்தா வாயில துண்டைக் கூடக் கட்டாம நாப்பது வருஷம் துளை போட்டாரு. ராத்திரி இருமுவாரு. ஏன்னு யாரும் ஆராயலை, நானும் இங்கே ஆராயப் போறதில்ல.

சரி, மேட்டருக்கு வருவோம். இந்த நூத்தைம்பது வருஷக் கூரை வேலைக்கு ஒரே இலக்குதான்: விழுற தண்ணியை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் வெளியே துரத்து. தெருவுக்கு, சாக்கடைக்கு, பக்கிங்ஹாம் கால்வாய்க்கு, கடலுக்கு.

இத்தனைக்கும் வடசென்னை மண்ணு தண்ணி சேமிக்கிற மண்ணு. 1772ல் கேப்டன் பேக்கர் கோட்டைக்குத் தண்ணி கொண்டுபோக ஏழு கிணறு வெட்டின இடம் நம்ம பக்கம்தான், அந்தப் பேட்டைக்கு இன்னிக்கும் அதே பேர். மழை மணல்ல இறங்கும், கிணத்துல ஊறும், கோட்டை குடிக்கும். 1872ல் செங்குன்றம் ஏரித் தண்ணி கால்வாய் வழியா ஊருக்குள்ள வந்ததும் கிணறு கௌரவத்தை இழந்தது. குழாய்ல தண்ணி வருதுன்னா கூரைத் தண்ணியை யார் மதிப்பாங்க?

கடலோரத்துல அப்படி மதிக்காம விட்டா ஒரு விபரீதம் உண்டு. நல்ல தண்ணி உப்புத் தண்ணியை விட லேசு, அதனால மண்ணுக்குள்ள உப்புத் தண்ணிமேல மிதந்துக்கிட்டு இருக்கும். 1880களின் கடைசியில பேடன் கைபன்ங்கிற டச்சு ராணுவ இஞ்சினியரும், 1901ல் ஹெர்ஸ்பெர்க்ங்கிற ஜெர்மன்காரரும் தனித்தனியா போட்ட கணக்கு இது: நல்ல தண்ணி கடல் மட்டத்துக்கு மேல 1 மீட்டர் நின்னா, கீழே சுமார் 40 மீட்டருக்கு உப்பை அமுக்கி வைக்கும். திருப்பிப் படிங்க. மேல 1 மீட்டர் குறைஞ்சா, கீழே உப்பு 40 மீட்டர் ஏறும்!

மீஞ்சூர்ல நடந்தது இதுதான். 1960களில் ஆரணி, கொசஸ்தலை ஆத்துப் படுகையில ஐ.நா. உதவியோட ஆய்வு பண்ணி, நல்ல தண்ணி இருக்குன்னு கண்டுபிடிச்சு, வரிசையா ஆழ்குழாய்க் கிணறு போட்டாங்க. மணலி தொழிற்சாலைகளுக்கும் ஊருக்கும் இழுத்தாங்க, விவசாயத்துக்கும் இழுத்தாங்க. 1969லேயே கடல் தண்ணி 3 கிலோமீட்டர் வாக்குல உள்ளே வந்தாச்சு. 1980களின் கடைசியில அது 9 கிலோமீட்டர் அளவுக்குப் போயிடுச்சு. 1987ல் நிலத்தடி நீரைக் கட்டுப்படுத்தச் சட்டமும் வந்தது. ஆனா மண்ணுக்குள்ள ஒருதரம் ஏறின உப்பு சட்டம் படிச்சுட்டுத் திரும்பிப் போகுமா? 2010ல் அதே மீஞ்சூர் பக்கம் காட்டுப்பள்ளியில கடல்நீரைக் குடிநீராக்குற ஆலை வந்தது, நாளைக்கு 10 கோடி லிட்டர். பூமிக்குள்ள கடலை விட்டுட்டு, கரையில அதே கடலைக் காசு போட்டு வடிகட்டுறோம்.

இந்தப் பின்னணியிலதான் 2003 வருது. ஏரி எல்லாம் வறண்டு, ஊரே குடத்தோட நின்ன காலம். அந்த ஜூலையில ஜெயலலிதா அரசு ஒரு அவசரச் சட்டம் போட்டது. பழசோ புதுசோ, எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். ஆகஸ்ட் 31 கெடு, அப்புறம் அக்டோபருக்குத் தள்ளினாங்க. செய்யலைன்னா தண்ணி இணைப்பைத் துண்டிக்கலாம். இந்த வரலாறைச் சொல்றவங்க அரசாணை பத்தியும், பெசன்ட் நகர்ல வீடு வீடா ஏறிப் பேசின சேகர் ராகவன், 2002ல் தொடங்கின மழை மையம் பத்தியும் எழுதுவாங்க. எழுத வேண்டியதுதான். ஆனா மூணே மாசத்துல இத்தனை லட்சம் கூரையில ஏறி, துரத்துறதுக்குன்னு வெச்ச குழாயைத் திருப்பி மண்ணுக்குள்ள விட்ட ஆளுங்க யாரு? அதை எங்கேயும் படிச்ச ஞாபகம் இல்ல.

எனக்கு அப்ப ஆறு வயசு. வீட்டு வாசல்ல நாலு இஞ்சு பிவிசி குழாய் கட்டுக்கட்டா கிடந்தது ஞாபகம் இருக்கு. தாத்தாவுக்கு அறுபத்தி மூணு. கூரை ஏறுறதை விட்டு அஞ்சாறு வருஷம் ஆனவரு திரும்ப ஏறினாரு. ஊர்ல ஆள் கிடைக்கலை. காலையில ஒரு வீடு, மத்தியானம் ஒரு வீடு.

குழாய் இறக்குறது சுலபம். வேலையே கீழேதான். மேல் குழாய் கீழ் குழாய்க்குள்ள இறங்கணும், மாத்திச் சொருகினா மூட்டுல ஒழுகும். முதல் மழை கூரை அழுக்கைக் கழுவிக்கிட்டு வரும், அதை வெளியே விட ஒரு வழி வேணும். அப்புறம் குழி. அடியில பெரிய கல், அதுக்கு மேல ஜல்லி, மேல மணல். களிமண் வந்தா அதைத் தாண்டி மணல் வர்ற வரைக்கும் துளை போடணும். கிணறு இருந்தா வடிகட்டி அதுலயே விடலாம். வீட்டுக்காரங்க கேட்டதோ, "எவ்ளோ ஆகும்? எப்ப முடியும்? ஆபீசர் வந்தா காட்டணும்."

நடுவுல ஒரு குட்டிக் கணக்கு (ஆணி புடுங்குறவன் கணக்குப் போடாம இருக்க முடியாது). 600 சதுர அடி கூரை, அதாவது 56 சதுர மீட்டர் வாக்குல. சென்னைக்கு வருஷ மழை சராசரி 1,400 மிமீ பக்கம். பெருக்கினா சுமார் 78,000 லிட்டர். ஆவியாப் போறது, வழியறது, முதல் மழை அழுக்குன்னு அஞ்சுல ஒரு பங்கைக் கழிச்சாலும் 62,000. 9,000 லிட்டர் லாரி கிட்டத்தட்ட ஏழு. இது ஒரே ஒரு சின்ன வீடு, காசிமேட்டுலயோ திருவொற்றியூர்லயோ.

2005ல் கொட்டித் தீர்த்த மழைக்கு அப்புறம் பல இடத்துல கிணத்துல தண்ணி மேல வந்துச்சு. அதுல மழைக்கு எவ்வளவு பங்கு, குழாய்க்கு எவ்வளவு பங்குன்னு பிரிக்கிறது கஷ்டம். ரெண்டுக்கும் உண்டுன்னுதான் நான் நினைக்கிறேன். எங்க தெருக் கோடியில ஒரு வீட்டுக் கிணறு அதுவரைக்கும் பாத்திரம் கழுவக்கூட ஆகாது. அதுக்கப்புறம் சில வருஷம் சமையலுக்கே எடுத்தாங்க.

அப்புறம் 2019. நாலு ஏரியும் காஞ்சு, ஜூலையில ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயில்ல 25 லட்சம் லிட்டர் தண்ணி வந்ததே, அந்த வருஷம். நான் வேலைக்குச் சேர்ந்த புதுசு. ராத்திரி பதினொண்ணுக்கு லாரி வரும்னு குடத்தோட நானும் தாத்தாவும் உட்கார்ந்திருந்தோம். எதிர்ல ஒரு வீட்டுச் சுவத்துல 2003 குழாய், மேல பெயின்ட்ல 'மழைநீர் சேகரிப்பு'ன்னு பாதி அழிஞ்ச எழுத்து.

"அது எங்க போவுது தெரியுமாடா?" என்றார் தாத்தா.

"குழிக்குத்தான்."

"குழியே கெடையாது. ஒரு அடிக்குக் கீழ செங்கல் உடைசலப் போட்டு மூடிட்டேன். மேல சிமிட்டி பூசி மூடி வெச்சிக்கீறேன். ஆபீசர் வந்தாரு, மூடியப் பாத்தாரு, பூட்டாரு."

"ஏன் தாத்தா?"

"அவங்க குடுத்த காசுக்கு அவ்ளோதான் வந்துது. நாள் வேற இல்ல. நம்ம தெருவுல மட்டும் நாலு வூட்டுக்கு அப்டி நட்டுக்கீறேன்டா." கொஞ்ச நேரம் கழிச்சு, "ஷீட்டு வேலையில ஒரு நாளும் பொய் வேல செஞ்சதில்ல. ஒழுவுனா அன்னிக்கே தெரிஞ்சிடும். இது தெரியாதுல்ல" என்றார்.

லாரி அன்னிக்கு வரலை.

அவர் பேச்சு ரொம்ப நாள் மனசுல ஓடிச்சு. கூரை ஒழுகினா வீட்டுக்காரன் அன்னிக்கே சட்டையைப் பிடிப்பான். மண்ணுக்குள்ள தண்ணி போகலைன்னா யார் யாரைக் கேட்கிறது? எங்க புரோகிராம் உலகத்துலயும் இப்படித்தான், டெஸ்ட் பண்ணாத மூலையிலதான் அத்தனை பொய்யும் ஒளிஞ்சிருக்கும். சட்டம் குழாயை எண்ணிச்சு, குழியைத் தோண்டிப் பார்க்கலை. கூலி குறைச்சுக் குடுத்த வீட்டுக்காரரும், வாங்கினதுக்கு ஏத்த மாதிரி செஞ்ச எங்க தாத்தாவும் இதுல கூட்டாளிதான். அவரைக் காப்பாத்தி எழுதணும்னு எனக்கு ஆசை. ஆனா முடியலை.

ஒரு எச்சரிக்கை, இதைப் படிச்சுட்டு யாராவது உடனே வாசல்ல தோண்டப் போறீங்கன்னா: கூரைத் தண்ணியை மட்டும் விடுங்க. தெருவுல ஓடுற தண்ணியைக் கிணத்துப் பக்கம் அண்ட விடாதீங்க. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்துல மணலியிலிருந்து எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரம் வரைக்கும் படலமாப் போனதை மீனவர்கள் படகோட பார்த்தாங்க. நம்ம பேட்டையில சுத்தமா விழுற தண்ணி இருக்குன்னா அது நம்ம தலைக்கு மேல விழுறது மட்டும்தான்.

தாத்தா 2021ல் போயிட்டார். இந்த வருஷம் மே மாசம், அந்த எதிர் வீட்டு மாமாகிட்ட போய், "மாமா, உங்க மழைத்தண்ணிக் குழியைத் தோண்டிப் பார்க்கணும்" என்றேன்.

"எதுக்குப்பா? உங்க தாத்தா போட்டதாச்சே, கல்லு மாதிரி இருக்கும்" என்றார்.

சொல்லிட்டேன். மாமா ஒண்ணும் பேசலை. உள்ளே போய் ஒரு கடப்பாரை எடுத்துட்டு வந்தாரு. மூடியைப் பேர்த்து, சரியா ஒரு அடியில செங்கல் உடைசல் வந்துச்சு. அதையெல்லாம் அள்ளிப் போட்டுட்டு, ஆளுக்கொரு பக்கமாத் தோண்டினோம். அஞ்சு அடியில கடல் மணல், சுத்தமா, வெள்ளையா, உள்ளே ஒரு சிப்பியோட. ஒரு பக்கெட் தண்ணியை ஊத்தினோம். ரெண்டு பேரும் எட்டிப் பார்த்துக்கிட்டே இருந்தோம், தண்ணி இறங்கிடுச்சு.

பாக்கி மூணு வீடு இருக்கு. அதுல ஒண்ணு எங்களோடது.